மென்பவளத் தொட்டியின் தண்ணீர்: எதை அளப்பது, எதை விட்டுவிடுவது

கடல்தொட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் மிரள்வது பெரும்பாலும் எண்களைப் பார்த்துத்தான். உப்பளவு, ஆல்கலினிட்டி, கால்சியம், மக்னீசியம், நைட்ரேட், பாஸ்பேட், பி.எச்., அயோடின், ஸ்ட்ரான்ஷியம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றையும் அளக்க ஒரு டெஸ்ட் கிட், ஏற்றுவதற்கு ஒரு புட்டி. மென்பவளம் (சாஃப்ட் கோரல்) மட்டும் வளர்ப்பதாக இருந்தால் இதில் பாதி தேவையே இல்லை.

காரணம் எளிது. சார்கோஃபைட்டன், சினுலேரியா, கிரீன் ஸ்டார் பாலிப் போன்றவை கல்பவளங்களைப் போலக் கெட்டியான எலும்புக்கூடு கட்டுவதில்லை. சதைக்குள் பொடிப்பொடியான சுண்ணாம்பு முட்கள் மட்டும் இருக்கும். மஷ்ரூம், ஜோவாந்தஸ் இரண்டுக்கும் அதுகூடக் கிடையாது. ஆகவே தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (முக்கியமாகத் தண்ணீரில் கரைந்த பைகார்பனேட், கார்பனேட் அளவு) இவை மிக மெதுவாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே குறைந்துபோனது ஈடாகிவிடும். மென்பவளத் தொட்டிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஏதோ ஒன்று குறைந்ததால் அல்ல. ஆள் கைவைத்துக்கொண்டே இருப்பதால். எண் எங்கே இருக்கிறது என்பதைவிட, அது இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்பதுதான் இவற்றுக்கு முக்கியம்.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவ்வளவுதான். வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். உப்பளவு 35 பி.பி.டி., அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026. ஆல்கலினிட்டி 7 முதல் 10 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு). நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில். பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். என்று இருந்தால் சரி. அவற்றை எப்போதாவது பார்த்தால் போதும்.

முதலில், வெறும் தண்ணீர்

உப்பு கலப்பதற்கு முன்னால் தண்ணீரில் எதுவும் இருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமின், பாஸ்பேட், சிலிக்கேட், சில நேரம் குழாயிலிருந்து வரும் செம்பு எல்லாம் இருக்கலாம். செம்பு பவளத்துக்கு நஞ்சு. சிலிக்கேட் இருந்தால் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பொடி படிந்துகொண்டே இருக்கும்.

ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பிறகு டி.ஐ. ரெசின் (மிச்சமுள்ள அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வைத்த கருவிதான் இதற்கு ஏற்றது. வெளியே வரும் தண்ணீரை, அதாவது டி.ஐ. தண்ணீரை, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்றிவிடுங்கள். தீர்ந்துபோன ரெசின் முன்பு பிடித்து வைத்ததையே திரும்ப வெளியே விடத் தொடங்கும். குடிநீருக்கான ஆர்.ஓ. கருவி வீட்டில் இருக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் பகுதி பல கருவிகளில் இருக்கும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உப்பு கலப்பது

கலப்பதற்கென்று ஒரு தனி வாளி அல்லது டிரம், ஒரு சின்ன பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்), ஒரு ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் பட்ட வாளி வேண்டாம். கடல் உப்புப் பொடி பல உப்புகளின் கலவை. பயணத்தில் குலுங்கிக் குலுங்கிக் கனமானது அடியில் தங்கியிருக்கும். ஆகவே பையைத் திறப்பதற்கு முன்பு நன்றாக உருட்டிப் புரட்டுங்கள். திறந்த பிறகு காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். ஈரம் குடித்துக் கட்டிபட்ட உப்பை நம்ப முடியாது.

தண்ணீரை முதலில் நிரப்பி, பவர்ஹெட்டை ஓட விட்டு, வெப்பத்தை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது. அடியில் உப்பு மிகவும் அடர்த்தியாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். ஒரு முறை படிந்தது திரும்பக் கரையாது. மேலே தெளிந்த தண்ணீரில் உப்பளவு சரியாகவே காட்டும். ஆல்கலினிட்டியும் கால்சியமும் மட்டும் காணாமல் போயிருக்கும்.

20 லிட்டருக்கு ஏறக்குறைய 740 கிராம் உப்பு பிடிக்கும். பொடியிலேயே கொஞ்சம் ஈரம் இருப்பதால் இது ஒவ்வொரு உப்புக்கும் சற்று மாறும். 700 கிராமில் தொடங்கி, கரைந்த பிறகு அளந்து, மீதியைச் சேர்ப்பது நல்லது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்த பிறகுதான் அளக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கலக்க வேண்டும் என்பது உப்புக்கு உப்பு வேறுபடும், பையில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். தொட்டியில் பவளமோ மீனோ இருக்கும்போது உப்பை நேராகத் தொட்டிக்குள் கொட்டாதீர்கள்.

புதிதாகக் கலந்த இந்தத் தண்ணீரின் ஆல்கலினிட்டியை ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். சில உப்புகள் 8 டி.கே.எச். கொடுக்கும், சில 11-க்கு மேல் போகும். உங்கள் உப்பு தரும் எண் எதுவோ, அதையொட்டியே தொட்டியின் இலக்கையும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். உப்பு 8 தரும்போது தொட்டியை 10-இல் நிறுத்தப் பார்த்தால், ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் எண் இறங்கும், நீங்கள் ஏற்றுவீர்கள், மறுபடி இறங்கும்.

உப்பளவு: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

ஒரே ஒரு அளவைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் உப்பளவைப் பாருங்கள். மற்ற எண்கள் பலவும் இதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகின்றன. 35 பி.பி.டி.யில் 420 காட்டும் கால்சியம், உப்பளவு 31-க்கு இறங்கினால் 372 காட்டும். ஆல்கலினிட்டியும் மக்னீசியமும் அதே விகிதத்தில் குறையும். புதியவர் இந்த மூன்று எண்களையும் பார்த்துவிட்டு மூன்று புட்டிகளை எடுத்து ஊற்றத் தொடங்கிவிடுவார். உண்மையில் குறைந்தது உப்பு ஒன்றுதான். எந்த எண் இறங்கியிருந்தாலும், மருந்துப் புட்டியைத் தொடுவதற்கு முன் உப்பளவை மறுபடி அளந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) நல்லது. ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஊசியின் மேல் காற்றுக்குமிழ் ஒட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். அதைத் தட்டித் தட்டியே அளக்க வேண்டியிருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரில் 0-க்கு வைத்துவிட்டு நம்பிவிட முடியாது. பல கருவிகள் சாதாரணச் சோடியம் குளோரைடு கரைசலுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் கடல்நீரில் சற்றுத் தள்ளிக் காட்டும். 35 பி.பி.டி. அளவுத் திரவம் தனியாகக் கிடைக்கும். அதில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் குமிழில்லாமல் மூடி, அரை நிமிடம் காத்திருந்து, நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டைத் திருகால் 35-இல் நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். அளந்ததும் ஆர்.ஓ. தண்ணீரால் துடைத்து வையுங்கள், உப்புக் காய்ந்து படிந்தால் அடுத்த அளவு பொய்யாகிவிடும்.

அப்புறம் ஆவியாதல். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். 100 லிட்டர் தண்ணீரில் 5 லிட்டர் ஆவியானால் 35 பி.பி.டி. ஏறக்குறைய 36.8 ஆகிவிடும். ஆகவே குறைந்த தண்ணீரை ஈடுகட்ட உப்பில்லாத டி.ஐ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். புதியவர்கள் இங்கே உப்புத் தண்ணீரை ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சில வாரங்களில் பவளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்.

தண்ணீர் மட்டம் எங்கே ஏறி இறங்குகிறதோ அங்கே, சம்ப் (தொட்டியோடு இணைத்த துணைத் தொட்டி) இருந்தால் அதில் பம்ப் இருக்கும் அறையில், ஒரு டேப் ஒட்டிக் கோடு போட்டு வையுங்கள். தினமும் கோடு வரைக்கும் நிரப்புங்கள். சின்னத் தொட்டியானால் காலையில் பாதி, மாலையில் பாதி என்று ஊற்றலாம். இதைத் தானாகச் செய்யும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி ஒன்று வாங்கிவிட்டால், இந்தப் பொழுதுபோக்கில் அதைவிட நிம்மதி தரும் கருவி வேறில்லை என்பது என் எண்ணம். விளக்குக்கும் ஸ்கிம்மருக்கும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

உப்பளவு தவறியிருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு நாளைக்கு 1 பி.பி.டி.க்கு மேல் மாற்ற வேண்டாம். கூடியிருந்தால் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு டி.ஐ. தண்ணீர் ஊற்றுங்கள். குறைந்திருந்தால் சில நாட்களுக்கு ஆவியாதலை உப்புத் தண்ணீரால் நிரப்புங்கள், தானாக மேலே வந்துவிடும்.

பவளம் வைப்பதற்கு முன்

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக வேண்டும். இதற்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0-க்கு வந்து நிலைக்கும்வரை பொறுங்கள். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் அதிகமாகக் காட்டும் என்பதால் அந்தக் கட்டத்தில் நைட்ரேட்டைப் பார்ப்பதில் பயனில்லை.

ஆல்கலினிட்டி அளப்பது

இதை வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளக்கலாம். கிட்டில் வரும் குப்பியில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, நிறங்காட்டியைச் சேர்த்தால் நீலமாகும். பிறகு அமிலத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்ற வேண்டும். பெரும்பாலான சொட்டுகளுக்கு ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஒரு சொட்டு விழும் இடத்தில் மட்டும் மஞ்சள் தெரிந்து, சுழற்றியதும் மறையும். அதற்கு அடுத்த சொட்டுகளில் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும், அதுதான் முடிவு. கிட்டுக்குக் கிட்டு முடிவு நிறம் மாறும். எந்தக் கிட்டானாலும் வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்துப் பாருங்கள். பவளத் தொட்டியின் நீல விளக்கில் பார்த்தால் ஒன்றும் புலப்படாது.

ஒரு சொட்டுக்கு 1 டி.கே.எச். என்று கணக்கிடும் கிட்டுகளில், 8-க்கும் 9-க்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று தெரியாது. தண்ணீரை 10 மில்லியாக, நிறங்காட்டியையும் இரட்டிப்பாக எடுத்தால், ஒவ்வொரு சொட்டும் அரை டி.கே.எச். ஆகிவிடும். அதே கிட், இரண்டு மடங்கு துல்லியம்.

எண் 7-க்குக் கீழே இறங்கினால் மட்டும் ஏற்றுங்கள். இதற்குச் சமையல் சோடாவே போதும், அதாவது சோடியம் பைகார்பனேட். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொட வேண்டாம். 100 லிட்டர் தண்ணீரில் 1 டி.கே.எச். ஏற்ற ஏறக்குறைய 3 கிராம் வேண்டும். டி.ஐ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 டி.கே.எச். என்பதே உச்சவரம்பு. கணக்குப் போடும்போது தொட்டியின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாறையும் மணலும் இடத்தை அடைத்திருக்கும். 100 லிட்டர் தொட்டியில் உண்மையான தண்ணீர் 80, 85 லிட்டர்தான் இருக்கும்.

கால்சியமும் மக்னீசியமும் தண்ணீர் மாற்றுவதிலேயே நிற்கும். பி.எச். 7.9-இலிருந்து 8.4 வரை எங்கிருந்தாலும் பரவாயில்லை. இரவில் இறங்கி, விளக்கு எரியும் நேரத்தில் ஏறுவது அதன் இயல்பு. எப்போதும் தாழ்ந்தே இருந்தால் பெரும்பாலும் காரணம் மூடிய அறையில் சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடு. ஜன்னலைத் திறந்தால் ஏறும். பி.எச்.ஐ ஏற்றும் பஃபர் பொடிகளை ஊற்றினால் பி.எச். சில மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடும், ஆல்கலினிட்டி மட்டும் தேவையில்லாமல் ஏறி நிற்கும். அயோடினும் அப்படித்தான். சீனியா என்ற மென்பவளத்துக்கு அயோடின் ஊற்றியே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கடல்நீரில் அது இருப்பதே 0.06 பி.பி.எம். அளவுதான், வீட்டுக் கிட்டில் அதை நம்பிக்கையாக அளப்பது கடினம். அளக்க முடியாததை ஊற்றாதீர்கள்.

நைட்ரேட், பாஸ்பேட்: சுழியம் வேண்டாம்

நன்னீர்த் தொட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் குழப்பம். கழிவுதானே, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பார்கள். மென்பவளங்கள் தண்ணீரில் கரைந்த சத்தையும் எடுத்துக்கொண்டு வாழ்பவை. அவற்றின் திசுவுக்குள் இருக்கும் பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் 0 ஆகிவிட்டால் பவளம் வெளிறிச் சுருங்கும். கூடவே டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்காரும்: மணலின் மேல் சளிபோல் இழை இழையாக, நுனியில் குமிழ்களோடு, பழுப்பாக. அதை ஒழிப்பது சாதாரணப் பாசியை ஒழிப்பதைவிடப் பெரும் பாடு.

எண் கீழே போனால் மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்துங்கள். மேலே போனால் தீனியைக் குறைத்து, பாறை இடுக்குகளிலும் மணலிலும் சேர்ந்த கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு துகள் கிடைக்கும். அதைச் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள். ஒரே நாளில் பாஸ்பேட்டை வழித்தெடுத்துவிட்டால் பவளம் அதிர்ந்துவிடும். பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருந்து மெல்ல விடும் என்பதால், இன்று இறங்கிய எண் நாலு நாளில் திரும்ப ஏறினால் திகைக்க வேண்டாம்.

பாஸ்பேட் போன்ற சின்ன எண்களுக்கு நிற அட்டை பார்ப்பதைவிட டிஜிட்டல் மீட்டர் மேல். அதிலும் குப்பியில் விரல்ரேகை பட்டிருந்தால் எண் தாவும். மெல்லிய துணியால் துடைத்து, ஒரே திசையில் வைத்து அளக்க வேண்டும். நைட்ரேட் கிட்டில் பொடி வருமானால், சொன்ன நேரம் முழுக்க விடாமல் குலுக்குங்கள். பாதியில் நிறுத்தினால் குறைவாகக் காட்டும்.

எந்தக் கிட்டும் காட்டாத ரசாயனம்

மென்பவளத் தொட்டிக்கே உரிய விஷயம் இது. கெட்டி எலும்புக்கூடு இல்லாத இந்த உயிர்கள் இடத்துக்குப் போட்டியிடுவது ரசாயனத்தால். சார்கோஃபைட்டன், சினுலேரியா வகைகள் டெர்பீன் எனப்படும் நச்சுப்பொருள்களைத் தண்ணீரில் விடுகின்றன. கடலில் அது அலையோடு போய்விடும், தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். எல்லா எண்களும் சரியாக இருக்க, ஒரு பவளம் மட்டும் கொழுத்து வளர, மற்றவை நாளுக்கு நாள் சுருங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மருந்து ஆக்டிவேட்டட் கார்பன். டி.ஐ. தண்ணீரில் கரி மை போகும்வரை அலசி, வலைப்பையில் போட்டு, தண்ணீர் அதன் ஊடாகப் போகும் இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நல்ல ஸ்கிம்மரும் இதில் கைகொடுக்கும். பவளத்தை வெட்டிப் பிரிக்கும் நாளில் புதுக் கார்பன் கட்டாயம். வெட்டுவதைத் தனிப் பாத்திரத்தில் செய்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வெகுநாள் கார்பன் இல்லாமல் ஓடிய தொட்டியில் தண்ணீர் மஞ்சளித்திருக்கும். வெள்ளைத் தட்டு ஒன்றைத் தொட்டியின் ஒரு முனையில் உள்ளே பிடித்து, மறுமுனையின் கண்ணாடி வழியாக நீளவாக்கில் பார்த்தால் தெரியும். அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் ஒரு பிடிக் கார்பன் மட்டும் போடுங்கள். மஞ்சள் ஒரேயடியாகப் போனால் வெளிச்சம் திடீரென்று கூடி, பவளம் வெளுத்துவிடக்கூடும்.

ஜோவாந்தஸ், முக்கியமாகப் பாலிதோவா வகை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ ஒருக்காலும் கூடாது. ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறி, வீட்டில் உள்ளவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்த சம்பவங்கள் உண்டு.

வாராந்தரத் தண்ணீர் மாற்றம்

வாரம் 10 சதவீதம் மாற்றுவது நல்ல தொடக்கம். புதுத் தண்ணீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பம்புகளை நிறுத்தி, கசடு உறிஞ்சியபடியே பழைய தண்ணீரை எடுத்து, புதியதை மெல்ல ஊற்றுங்கள். ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே நிற்கப் போகிறதென்றால் முன்னதாகவே அதன் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இதிலிருந்து அதிசயங்களை எதிர்பார்க்க வேண்டாம். நான்கு வாரம் 10 சதவீதம் மாற்றினால் பழைய தண்ணீரில் சுமார் 66 சதவீதம் இன்னும் தொட்டியில்தான் இருக்கும். 40 பி.பி.எம். நைட்ரேட் புதிதாக ஒன்றும் சேராவிட்டாலும் 26-க்குத்தான் வரும். தண்ணீர் மாற்றுவது எண்களை நிலைநிறுத்தத்தான். ஏறிப்போனதை இறக்கத் தீனியில் கைவைக்க வேண்டும்.

பவளம் மூடிக்கொண்டால்

முதலில் வெப்பமானியைப் பாருங்கள். ஹீட்டர் நின்றோ, நிற்காமலோ போயிருக்கலாம். அடுத்து உப்பளவு, பிறகு ஆல்கலினிட்டி, அதற்குப் பிறகு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். மீனோ நத்தையோ ஒன்று காணவில்லை என்றால் அம்மோனியா. பம்பின் காந்தம் வெடித்துத் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மீனுக்குச் செம்பு மருந்து எதுவும் இந்தத் தொட்டியில் போடவே கூடாது. மருத்துவம் தனித் தொட்டியில்தான்.

எல்லாம் சரியாக இருந்து, மூடிக்கொண்டது சார்கோஃபைட்டன் ஒன்று மட்டும் என்றால் அதன் மேற்பரப்பைப் பாருங்கள். மெழுகு பூசியதுபோல் பளபளத்தால் அது தோலுரிக்கிறது. சில நாட்கள், சில நேரம் ஒன்றிரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். பவர்ஹெட்டைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பி வைத்தால் அந்த மெல்லிய தோல் சீக்கிரம் கழன்று போகும். தண்ணீரில் எதையும் ஊற்றாதீர்கள்.